சி.ஐ.சி. சோதனை கேட்டு ஒரு சீட்டு வந்தால்

குமரி மாவட்டத்துச் சிறிய ஆய்வகங்களில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குச் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, டெங்கு எல்லாம் சீக்கிரமே கைக்கு வந்துவிடும். பிறகு ஒருநாள், மருத்துவரின் சீட்டில் 'சி.ஐ.சி.' என்று எழுதியிருக்கும். கணினிப் பட்டியலில் தேடினால் ஒரு விலையும் ஒரு குழாயின் நிறமும்தான் கிடைக்கும். ரத்தத்தில் சுற்றிவரும் இம்யூன் காம்ப்ளெக்ஸ்களை அளக்கும் சோதனை அது. அந்தச் சீட்டைக் கையில் வாங்கியதிலிருந்து அறிக்கையில் கையெழுத்துப் போடும்வரை என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சோதனையில் வரும் எண் தனியாக நின்று எந்த நோயையும் சொல்லாது. மாதிரியை எடுத்து வைத்த விதம், அதே நாளில் பார்த்த சிறுநீர், சி3, சி4 என்ற எதிர்ப்புப் புரதங்களின் அளவுகள், நோயாளி சொன்ன கதை, இவை நான்கும் கூட இருந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. இல்லாவிட்டால் காசுக்கும் கேடு, நோயாளியின் தூக்கத்துக்கும் கேடு.

எதைத் தேடுகிறோம்?

உடலுக்குள் வந்த அந்நியப் பொருளை, அதாவது ஆன்டிஜனை, ஆன்டிபாடி பிடித்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்த கூட்டுதான் இம்யூன் காம்ப்ளெக்ஸ். இது நோயல்ல. ஒவ்வொரு சளிக்காய்ச்சலிலும் ஒவ்வொரு தடுப்பூசிக்குப் பிறகும் நம் எல்லோருடைய ரத்தத்திலும் உருவாகிக்கொண்டேதான் இருக்கிறது. காம்ப்ளிமென்ட் புரதங்கள் (சி3, சி4 போன்ற ரத்தத்தின் எதிர்ப்புப் புரதங்கள்) அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். சிவப்பணுக்களின் மேலுள்ள சிஆர்1 என்ற ஏற்பி அதைச் சுமந்துகொண்டு கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போகும். அங்கே இருக்கும் விழுங்கணுக்கள் அதைத் தின்று தீர்த்துவிடும்.

சிக்கல் வருவது அளவு பிசகும்போது. 1935இல் ஹைடல்பெர்கர், கெண்டல் என்ற இரு ஆய்வாளர்கள் வரைந்து காட்டிய வளைகோட்டை நினைவில் வையுங்கள். ஆன்டிஜனும் ஆன்டிபாடியும் சமமாக இருந்தால் பெரிய கூட்டுகள் உண்டாகி உடனே பிடிபட்டுவிடும். ஆன்டிஜன் மிக அதிகமாக இருந்தால் உண்டாகும் கூட்டுகள் மிகச் சிறியவை. அவை பெரும்பாலும் சும்மா சுற்றும். ஆன்டிஜன் சற்றே கூடுதலாக இருக்கும்போது உருவாகும் நடுத்தரக் கூட்டுகள்தான் தொல்லை. இவை முழுதாக அகற்றப்படாமல் சிறுநீரக வடிகட்டியிலும், மூட்டிலும், தோலின் சிறு குழாய்களிலும் படிந்துவிடும். படிந்த இடத்தில் காம்ப்ளிமென்ட் தூண்டப்பட்டு, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் கூடி, அழற்சி கிளம்பும். 1963இல் கெல்லும் கூம்ஸும் வகுத்த நான்கு வகை மிகை உணர்வுகளில் (எதிர்ப்பு சக்தியே உடலுக்குக் கேடு செய்யும் நிலைகளில்) இது மூன்றாவது வகை.

இதிலிருந்து ஒன்று விளங்கும். கெடுதல் செய்வது படிந்த கூட்டு. நாம் ரத்தத்தில் அளப்பது இன்னும் படியாமல் சுற்றிக்கொண்டிருப்பது. எல்லாமே சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் ரத்தத்தில் எண் இயல்பாகவே வரலாம். இதை மறந்தவர்தான் 'சி.ஐ.சி. நார்மல், பயமில்லை' என்று நோயாளியிடம் வாய்விட்டுச் சொல்வார்.

முதல் படி: ஊசி எடுப்பதற்கு முன் நான்கு கேள்விகள்

ரத்தம் எடுக்கும் இடத்தில் நிற்பவர்தான் நோயாளியிடம் பேசும் கடைசி ஆள். அதற்கு அப்பால் மாதிரிக்கு ஒரு பட்டைக்கோடு மட்டும்தான் உண்டு. ஆகவே இந்த நான்கையும் கேட்டுச் சீட்டின் ஓரத்தில் எழுதிவிடுங்கள்.

அண்மையில் குதிரைச் சீரம் கலந்த ஊசி எதுவும் போட்டார்களா? இது நம் மாவட்டத்தில் கட்டாயம் கேட்க வேண்டியது. பேச்சிப்பாறை, கீரிப்பாறை, குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் விடியும் முன்பே நெற்றி விளக்குடன் பால் வெட்டப் போகிறவர்கள் சருகுக்குள் கால் வைக்கிறார்கள். பாம்பு கடித்தால் போடும் விஷமுறிவு மருந்து, நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் எதிராகக் குதிரையில் உண்டாக்கப்பட்ட ஆன்டிபாடி. உயிர் காத்த அந்த மருந்தின் புரதத்துக்கு எதிராக நோயாளியின் உடல் தன் ஆன்டிபாடியை உருவாக்கத் தொடங்கும். ஒன்று அல்லது இரண்டு வாரம் கழித்து, ஆபத்து நீங்கி வீட்டுக்குப் போன பிறகு, காய்ச்சலும் அரிப்புத் தடிப்பும் மூட்டுவலியும் கழுத்தில் நெறிக்கட்டும் வரும். இதுதான் சீரம் சிக்னஸ். இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்தில் ஆன்டிபாடியின் அடிப்பகுதியை நொதியால் வெட்டி நீக்கிய துண்டுகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதனால் தொல்லை குறையும், ஒழிந்துவிடாது. வெறிநாய்க்கடிக்குப் போடும் குதிரை இம்யூனோகுளோபுலினுக்கும் இதே கதைதான்.

நம் ஊரில் காய்ச்சலும் மூட்டுவலியும் சேர்ந்து வந்தால் உடனே சிக்குன்குனியா என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு ஓடும். நோயாளியும் பாம்புக்கடியை முடிந்த கதையாக நினைத்துச் சொல்லாமல் விட்டுவிடுவார். கேட்டால்தான் வெளியே வரும். 1905இல் வியன்னாவில் ஃபான் பிர்கேயும் ஷிக்கும் டிப்தீரியாவுக்குக் குதிரைச் சீரம் போட்ட குழந்தைகளிடம் இந்த நோயை விவரித்தபோது, நோய்க்குக் காரணம் மருந்தும் உடலின் எதிர்ப்பும் மோதிக்கொள்வதுதான் என்று ஊகித்தார்கள். இம்யூன் காம்ப்ளெக்ஸ் பற்றிய படிப்பே அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதே நோயை இன்றும் குலசேகரத்து ரப்பர் தோட்டத் தொழிலாளியிடம் பார்க்கிறோம். ஊசி போட்ட தேதியை எழுதாமல் விட்டால் மருத்துவருக்கு அந்தத் தொடர்பே பிடிபடாது.

இரண்டாவது கேள்வி: தொண்டைப்புண்ணோ சிரங்கோ வந்ததா, எப்போது? மூன்றாவது: ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறாரா, நரம்பு வழியாக இம்யூனோகுளோபுலின் ஏற்றினார்களா? ஏற்றிய இம்யூனோகுளோபுலினில் உள்ள திரள்கள் சோதனையை ஏமாற்றிவிடும். நான்காவது: குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் விரல் நீலமாகிறதா, காலில் ரத்தப் புள்ளிகள் வருகின்றனவா? இதற்கு 'ஆம்' என்று பதில் வந்தால் மாதிரி எடுக்கும் முறையே மாறிவிடும். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

இரண்டாம் படி: மாதிரியைக் கெடுக்காமல் காப்பது

சாதாரணக் குழாயில், உறைவுத்தடுப்பு எதுவும் சேர்க்காமல், நான்கைந்து மி.லி. ரத்தம். வெறும் வயிற்றில் எடுப்பது நல்லது. கொழுப்பு மிதக்கும் சீரம் கலங்கலாக இருக்கும், நாமும் கலங்கலைத்தான் அளக்கப்போகிறோம். ஹெபாரின் குழாய் வேண்டவே வேண்டாம். ஹெபாரின் என்ற உறைவுத்தடுப்பு, சி1க்யூ என்ற காம்ப்ளிமென்ட் புரதத்தோடு ஒட்டிப் பொய்யான முடிவைத் தரும். பிளாஸ்மாவும் ஆகாது, அதிலுள்ள ஃபைப்ரினோஜன் என்ற உறைவுப் புரதம் கூடவே வீழ்படிந்துவிடும்.

அறை வெப்பத்தில் அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை உறைய விடுங்கள். பிறகு சென்ட்ரிஃபியூஜில் பத்துப் பதினைந்து நிமிடம் சுற்றிச் சீரத்தைத் தனியே பிரித்துவிடுங்கள். உறைந்த ரத்தத்தோடு அப்படியே ஐஸ் பெட்டியில் போட்டு மதிய பஸ்ஸில் ஏற்றுவது பல சேகரிப்பு மையங்களின் பழக்கம். அருமனையில் காலை எடுத்த குழாய் வடசேரி பஸ் நிலையத்துக்கு வந்து சேரும்போது சிவப்பணுக்கள் உடைந்து சீரம் கொடுக்காப்புளிச் சிவப்பில் நிற்கும். அந்தச் சீரத்தை வைத்துக் கலங்கலை அளந்து பயனில்லை. சேகரிப்பு மையத்திலேயே ஒரு சிறிய சென்ட்ரிஃபியூஜ் இருக்க வேண்டும் என்று முதலாளியிடம் சண்டை போடுங்கள். வேறு எதற்குப் போடாவிட்டாலும் இதற்குப் போடலாம்.

அன்றோ மறுநாளோ சோதிப்பதானால் சாதாரணக் குளிர்பதனம் போதும். அதற்கு மேல் தள்ளிப்போனால் சிறு சிறு குழாய்களில் பகிர்ந்து உறைநிலையில் வையுங்கள். மைனஸ் 70 டிகிரி கிடைத்தால் உத்தமம். ஒருமுறை உருக்கியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். ஒவ்வொரு முறை உறைந்து உருகும்போதும் ஆன்டிபாடிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். கருவி அந்தத் திரளையும் காம்ப்ளெக்ஸ் என்றே எண்ணிக்கொள்ளும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளில் பனி கட்டாத வகை என்று விற்கிறார்களே, அவை பனியை உருக்கத் தாமாகவே அவ்வப்போது சூடேறும். அதன் உறைபெட்டியில் சீரம் வைப்பதும் தினம் ஒருமுறை உருக்குவதும் ஒன்றுதான்.

இன்னொரு பழைய வழக்கம், சில சோதனைகளுக்குச் சீரத்தை 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்குவது. இங்கே அது கூடாது. காம்ப்ளிமென்ட் அழிந்துவிடும், ஆன்டிபாடியும் திரளும். சொல்லப்போனால் இந்தச் சோதனைக்கான பாசிட்டிவ் கன்ட்ரோலை, அதாவது முடிவு கூடுதலாக வரும் என்று முன்பே தெரிந்த ஒப்பீட்டு மாதிரியை, அப்படித்தான் செய்கிறார்கள்: ஐஜிஜி என்ற மனித ஆன்டிபாடியை 63 டிகிரியில் இருபது முப்பது நிமிடம் சூடாக்கினால் வரும் திரள்தான் அது. நோயாளியின் சீரத்தைச் சூடாக்கினால் நீங்களே ஒரு பாசிட்டிவ் கன்ட்ரோல் தயாரித்துவிட்டீர்கள் என்று பொருள்.

விரல் நீலமாகும் நோயாளி: கிரையோகுளோபுலின்

சில கூட்டுகள் குளிரில் வீழ்படிந்து, 37 டிகிரியில் மீண்டும் கரைந்துவிடும். இவைதான் கிரையோகுளோபுலின். ஹெப்படைட்டிஸ் சி தொற்று உள்ளவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். இவர்களுடைய ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்தால், தேடும் பொருள் உறைகட்டியோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும்; மேலே நிற்கும் சீரத்தில் ஒன்றும் இருக்காது. அறிக்கையில் 'இல்லை' என்று போகும்.

குமரியின் வெயிலில் எதற்குப் பயம் என்று கேட்காதீர்கள். வெளியே 32 டிகிரி இருந்தாலும் 37க்கு அது குறைவுதான். ரத்தம் எடுக்கும் அறையோ ஏசி போட்டுக் கிடக்கும். ஊசியையும் குழாயையும் 37 டிகிரி வாட்டர் பாத்தில் முன்கூட்டியே சூடாக்கி வையுங்கள். ரத்தம் எடுத்த கையோடு அதே சூட்டில் ஒரு மணி நேரம் உறைய விடுங்கள். வெளியூரில் எடுப்பதானால் நல்ல தெர்மாஸ் பிளாஸ்க்கில் 37 டிகிரித் தண்ணீர் ஊற்றி, மூடிய குழாயை அதற்குள் நிறுத்திக் கொண்டுவரலாம். வெப்பமானியை வைத்துப் பாருங்கள். கையை விட்டுப் பார்த்தால் போதாது. சூடு ஆறாமல் சீரத்தைப் பிரித்த பிறகு 4 டிகிரியில் வைத்து ஏழு நாள் வரை தினமும் பாருங்கள். சில வகைகள் முதல் நாளிலேயே வெண்மையாக இறங்கும், சில மெதுவாக வரும். வீழ்படிவு தெரிந்தால் அதில் ஒரு பகுதியை மீண்டும் 37 டிகிரியில் வையுங்கள். கரைந்தால் கிரையோகுளோபுலின். கரையாவிட்டால் வேறு ஏதோ குப்பை.

மூன்றாம் படி: பி.இ.ஜி. முறை

பாலிஎத்திலீன் கிளைக்கால் 6000, சுருக்கமாக பி.இ.ஜி. இதைக் குறைந்த செறிவில், சுமார் 3 முதல் 4 சதவீதம், சீரத்தில் கலந்தால் பெரிய கூட்டுகள் கரைசலை விட்டு வெளியே வந்துவிடும். தனி ஐஜிஜி பெரும்பாலும் கரைந்தே நிற்கும். செறிவு கூடினால் தனி ஐஜிஜியும் இறங்கத் தொடங்கும். ஆகையால் எடை போடும்போது கவனம் முழுதும் தராசில் இருக்கட்டும். மலிவான முறை, கருவியென்று ஒரு ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் போதும். புதிதாக வருபவர்கள் கை பழக இதுவே சிறந்தது.

0.1 மோலார் போரேட் பஃபர், பிஎச் 8.4, செய்துகொள்ளுங்கள். அதில் பாதியை எடுத்து 100 மி.லி.க்கு 3.75 கிராம் வீதம் பி.இ.ஜி. 6000 கரையுங்கள். பி.இ.ஜி. உள்ளதும் இல்லாததுமாக இரண்டு புட்டிகள். பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இரண்டும் பார்வைக்குத் தண்ணீர்தான்.

ஒரு பங்கு சீரத்துக்கு இரண்டு பங்கு போரேட் பஃபர் சேர்த்து நீர்க்கச் செய்யுங்கள். அதிலிருந்து 0.22 மி.லி. எடுத்து, 2 மி.லி. பி.இ.ஜி. கரைசல் உள்ள குழாயில் விடுங்கள். இன்னொரு 0.22 மி.லி.யை 2 மி.லி. வெறும் பஃபர் உள்ள குழாயில் விடுங்கள். ஒவ்வொன்றும் இரட்டையாக. மெதுவாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். குலுக்கி நுரை வரவழைக்காதீர்கள். அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு 450 நானோமீட்டரில் படியுங்கள். பி.இ.ஜி. குழாயின் அளவிலிருந்து பஃபர் குழாயின் அளவைக் கழித்து 1000ஆல் பெருக்கினால் கிடைப்பது குறியீட்டெண். எடுத்துக்காட்டாக 0.182 கழித்தல் 0.047 என்றால் 0.135, குறியீட்டெண் 135.

படிப்பதற்கு முன் குழாயைக் கண்ணால் பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புத் தாள் ஒன்றைப் பின்னால் பிடித்து, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி குழாயைத் தூக்கினால், கூட்டுகள் நிறைந்த சீரத்தில் பால் மங்கல் சீராகப் பரவியிருக்கும். மாறாக, அடியில் நூல் நூலாக ஏதேனும் ஊர்ந்தால் அது ஃபைப்ரின். ரத்தம் முழுதாக உறைவதற்குள் யாரோ அவசரப்பட்டுச் சுற்றியிருக்கிறார்கள். மேலே மெல்லிய வெண்படலம் மிதந்தால் கொழுப்பு. கருவி இந்த மூன்றையும் ஒரே எண்ணாகத்தான் காட்டும். கண் பிரித்துக் காட்டும்.

அறை வெப்பம் என்று எழுதியிருக்கிறதே, அது எத்தனை டிகிரி என்று நீங்களே முடிவு செய்து ஒட்டிவையுங்கள். இடவப்பாதி மழையில் அறை ஒரு மாதிரி இருக்கும், பங்குனி வெயிலில் வேறு மாதிரி இருக்கும். மின்தடையால் ஏசி நின்ற பகலில் இன்னொரு மாதிரி. பி.இ.ஜி. வீழ்படிவு வெப்பத்தைப் பொறுத்து மாறும். 25 டிகிரி இன்குபேட்டரில் வைத்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

இயல்பு எல்லையைப் புத்தகத்திலிருந்து பெயர்த்து எழுதாதீர்கள். நலமாக இருக்கும் ரத்த தானம் செய்பவர்களின் சீரத்தை உங்கள் கருவியில், உங்கள் கரைசலில் ஓட்டிச் சராசரியும் திட்ட விலக்கமும் கணக்கிடுங்கள். சராசரியோடு இரண்டு திட்ட விலக்கம் கூட்டினால் வருவதுதான் உங்கள் மேல் எல்லை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நாள்பட்ட தொற்று, கல்லீரல் நோய் போன்றவற்றில் ஐஜிஜி மொத்தமாகவே கூடியிருக்கும். அவர்களுக்குக் கூட்டு இல்லாமலேயே பி.இ.ஜி. எண் ஏறும். சீரத்தின் மொத்தப் புரதமும் ஆல்புமினும் கூடவே பார்த்திருந்தால் இந்தப் பொய்யைப் பிடித்துவிடலாம்.

நான்காம் படி: சி1க்யூ எலைசா, ராஜி செல்

கூட்டு பெரிதா என்று மட்டும்தான் பி.இ.ஜி. பார்க்கிறது. சி1க்யூ எலைசா, அந்தக் கூட்டு காம்ப்ளிமென்ட்டைப் பிடிக்குமா என்று பார்க்கிறது. எலைசா தட்டின் குழிகளின் அடியில் சி1க்யூ பூசியிருக்கும். நீர்த்த சீரத்தை விட்டால் கூட்டுகள் ஒட்டிக்கொள்ளும்; கழுவிவிட்டு, மனித ஐஜிஜியைப் பிடிக்கும் நொதி கட்டிய ஆன்டிபாடியை விட்டால் நிறம் வரும். எலைசா தெரிந்தவருக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. கிட்டோடு வரும் தாளின்படி செய்யுங்கள். முடிவைத் திரட்டப்பட்ட ஐஜிஜிக்குச் சமமான மைக்ரோகிராமில் சொல்வார்கள்.

தெரிந்துகொள்ள வேண்டியது இதன் பலவீனம். லூப்பஸ், அதாவது எதிர்ப்பு சக்தி தன் உடலையே தாக்கும் ஒரு நோய், உள்ளவர்கள் பலரிடம் சி1க்யூவுக்கே எதிரான ஆன்டிபாடி இருக்கும். அது கூட்டு எதுவும் இல்லாமலேயே நேராகக் குழியில் ஒட்டி நிறம் தரும். எந்த நோய்க்காக இந்தச் சோதனையை அதிகம் கேட்கிறார்களோ, அதே நோயில்தான் இது அதிகம் ஏமாற்றுகிறது!

ராஜி செல் முறை பெரிய மையங்களின் வேலை. 1963இல் நைஜீரியச் சிறுவன் ஒருவனின் பர்க்கிட் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயிலிருந்து வளர்க்கப்பட்ட அணுக்கள் அவை. காம்ப்ளிமென்ட் ஏற்பிகள் நிறைந்தவை. 1976இல் தியோஃபிலோபூலோஸ், வில்சன், டிக்சன் மூவரும் இதைச் சோதனையாக்கினார்கள். லூப்பஸ் நோயாளிகளிடம் நிணநீர் அணுக்களுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும் என்பதால் இங்கும் அதே கோளாறு.

உலக சுகாதார நிறுவனம் 1978இல் பதினெட்டு முறைகளை ஒன்றாக வைத்து ஒப்பிட்டுப் பார்த்தது. எல்லா நோய்க்கும் பொருந்தும் ஒற்றை முறை கிடைக்கவில்லை. இதனால்தான் ஒரு ஆய்வகத்து எண்ணை மற்றொரு ஆய்வகத்து எண்ணோடு ஒப்பிடக்கூடாது. திருவனந்தபுரத்தில் ஒருமுறை, சென்னையில் ஒருமுறை, நாகர்கோவிலில் ஒருமுறை என்று மூன்று தாள்களை மேசையில் பரப்பிவைத்து, கூடியது, குறைந்தது என்று பேசுபவர்களைப் பார்க்கிறேன். தொடர்ந்து பார்ப்பதென்றால் ஒரே இடம், ஒரே முறை.

ஐந்தாம் படி: எண்ணுக்குத் துணை தேடுவது

குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு தாய் எட்டு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் எழும்போது முகம் வீங்கியிருக்கிறது. "மூத்திரம் கட்டன்சாயா நிறத்தில் போகிறது, சாரே" என்கிறார். பால் சேர்க்காத தேநீரின் நிறம். சீட்டில் சி.ஐ.சி. எழுதியிருக்கிறது. மூத்த டெக்னீஷியன் புதிதாக வந்த பெண்ணிடம், "மக்களே, ரத்தம் அப்புறம் எடுக்கலாம். முதலில் அந்தச் சிறுநீரை ஆறுவதற்குள் சுற்று" என்பார். அதுதான் சரி.

புதிய சிறுநீர், ஒரு மணி நேரத்துக்குள் சுற்றி, அடிமண்டியை நுண்ணோக்கியில் வைத்துக் குறைந்த வெளிச்சத்தில் தேடுங்கள். சிறுநீரக வடிகட்டி வழியாகப் பிதுங்கி வந்த சிவப்பணுக்கள் ஒழுங்கான வட்டமாக இருக்காது. மொட்டு விட்டும் நெளிந்தும் கிடக்கும். சிவப்பணுக்கள் அடைந்த நீண்ட உருளை ஒன்று, ஓரம் நேராக, செம்பழுப்பாகக் கண்ணில் பட்டால் அதுதான் சிவப்பணு வார்ப்பு. அந்த ஒன்றைப் பார்த்தவர், அழற்சி சிறுநீரக வடிகட்டியில் இருக்கிறது என்று கையெழுத்திட்டுச் சொல்லலாம். எந்த சி.ஐ.சி. எண்ணும் அத்தனை உறுதி தராது. நேரம் தாழ்த்தினால் வார்ப்பு உடைந்து கரைந்துவிடும். சோதனைகளிலேயே விலை குறைந்தது இது; எல்லோரும் அவசரமாக முடித்துவிடுவதும் இதைத்தான்.

பிறகு சி3, சி4, ஏஎஸ்ஓ (ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்கு எதிரான ஒரு ஆன்டிபாடி), சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின். தொண்டைப்புண் வந்து ஒன்று முதல் மூன்று வாரத்திலும், தோல் சிரங்கு வந்து மூன்று முதல் ஆறு வாரத்திலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்குப் பிந்தைய சிறுநீரக அழற்சி தலைகாட்டும். சி3 சரிந்திருக்கும், சி4 பெரும்பாலும் இயல்பாக இருக்கும். சிரங்கிலிருந்து வந்ததென்றால் ஏஎஸ்ஓ ஏறாமலேயே போகலாம். அதே கிருமிக்கு எதிரான இன்னொரு ஆன்டிபாடியான ஆன்டி டிஎன்ஏஸ் பி பார்க்கச் சொல்லலாம். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் சி3 திரும்பி ஏற வேண்டும். ஏறாவிட்டால் இது அந்த நோயல்ல. சிறுநீரக மருத்துவரிடம் போயாக வேண்டும். மறு சோதனைக்கான தேதியை அந்தத் தாயின் கையில் எழுதிக் கொடுங்கள். வீக்கம் வடிந்ததும் பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும், யாரும் திரும்பி வரமாட்டார்கள்.

சி3, சி4 இரண்டும் சேர்ந்து குறைந்து, இரட்டை இழை டிஎன்ஏவுக்கு எதிரான ஆன்டிபாடி ஏறியிருந்தால் லூப்பஸ் பக்கம் பார்வை திரும்ப வேண்டும். சி4 மட்டும் தரைதட்டி, காலில் ரத்தப் புள்ளியும் இருந்தால் கிரையோகுளோபுலினும் ஹெப்படைட்டிஸ் சியும். ஐஜிஏ என்ற ஆன்டிபாடி படியும் சிறுநீரக நோயிலும் கூட்டுகள்தான் காரணம். ஆனால் சி3 இயல்பாகவே இருக்கும். நாள்பட்ட காய்ச்சல், இதயத்தில் முணுமுணுப்பு, சிறுநீரில் ரத்தம் என்று மூன்றும் சேர்ந்தால் இதய உள்ளுறை அழற்சி. அங்கே ரத்த கல்ச்சர் எடுக்காமல் சி.ஐ.சி.க்கு ஓடுவது வீண்.

தொழுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்களிடம் திடீரென்று காய்ச்சலோடு முகத்திலும் கையிலும் வலிக்கும் சிவந்த முடிச்சுகள் எழும்பும். தொழுநோய் எதிர்வினைகளில் இது இரண்டாம் வகை. இதிலும் இம்யூன் காம்ப்ளெக்ஸ்களுக்குப் பங்குண்டு. நோய் திரும்பிவிட்டது, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக்கூடாது, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதை ரத்தம் எடுக்கும்போதே சொல்லி அனுப்புங்கள்.

கூட்டுகள் வேறொரு விதத்திலும் நம்மைச் சோதிக்கும். தேடும் ஆன்டிஜன் ஆன்டிபாடியின் பிடிக்குள் ஒளிந்துகொண்டால் சோதனைக்கு அது தெரியாது. யானைக்கால் புழுவின் ஆன்டிஜனைத் தேடும் ஒரு எலைசாவில் சீரத்தை இடிடிஏ என்ற வேதிப்பொருள் சேர்த்துக் கொதிக்க வைப்பது இதற்காகத்தான். கூட்டு உடைந்து ஆன்டிஜன் வெளியே வரும். அந்தப் படியை அவசரத்தில் தாண்டினால் பாசிட்டிவ் நெகட்டிவ் ஆகிவிடும்.

திசுவில் பார்ப்பது

படிந்த கூட்டைக் காட்டுவது பயாப்சிதான். சிறுநீரகத் துண்டில் ஒளிரும் சாயம் கட்டிய ஆன்டிபாடியை விட்டால், கூட்டுகள் படிந்த இடம் மணல் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாக ஒளிரும். வடிகட்டிச் சவ்வுக்கே எதிரான ஆன்டிபாடி என்றால் கோடு போட்டதுபோல ஒரே சீராக ஒளிரும். பயாப்சி எடுக்கும் இடத்தில் உதவிக்கு நிற்பவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: எல்லாத் துண்டையும் ஃபார்மலினில் போட்டுவிடாதீர்கள். ஒரு துண்டு ஃபார்மலினுக்கு, ஒரு துண்டு, ஒளிர்சோதனைக்காகத் திசுவைக் கெடாமல் வைக்கும் மிஷெல் கரைசலுக்கு. ஃபார்மலினில் விழுந்த துண்டில் வழக்கமான ஒளிர்சோதனை செய்ய முடியாது. நோயாளியின் முதுகில் மறுபடியும் ஊசி குத்த வேண்டிவரும்.

ஆறாம் படி: அறிக்கை எழுதுவது

எண்ணுக்குப் பக்கத்தில் முறையின் பெயரை எழுதுங்கள்: பி.இ.ஜி. 3.75 சதவீதம், அல்லது சி1க்யூ எலைசா. உங்கள் ஆய்வகத்தின் இயல்பு எல்லையைப் போடுங்கள். சீரம் சிவந்திருந்தாலோ கொழுப்பு மிதந்தாலோ அதையும் குறிப்பிடுங்கள். 'பாசிட்டிவ்' என்று சிவப்பு மையில் தடித்து அச்சடிக்கத் தேவையே இல்லை. தொற்று, தடுப்பூசி, கர்ப்பம், புற்றுநோய், சில சமயம் எந்த நோயுமே இல்லாத நிலை, இவை எல்லாவற்றிலும் இந்த எண் கூடலாம். சிவப்பு எழுத்தைப் பார்த்த குடும்பம் அன்றிரவே களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்துக்குக் கார் பிடிக்கும்.

நோயாளி ஜன்னலோரம் வந்து, "கூடுதலாகப் போட்டிருக்கிறதே, என்ன நோய்?" என்று கேட்பார். நோய்ப் பெயர் எதையும் சொல்லாதீர்கள். "இந்தத் தாளை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சிறுநீர் அறிக்கையையும் சி3, சி4 அறிக்கையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள்" என்று சொல்லி, மூன்றையும் ஒரே உறையில் போட்டுக் கொடுங்கள். சிறுநீரின் அளவு குறைந்திருக்கிறது, முகம் வீங்கியிருக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று சொன்னாலோ, ரத்த அழுத்தம் ஏறியிருந்தாலோ, சி.ஐ.சி. முடிவுக்குக் காத்திருக்கச் சொல்லாமல் அன்றே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள மருத்துவமனைக்கோ போகச் சொல்லுங்கள். சீட்டு எழுதிய மருத்துவருக்கும் ஒரு போன் போட்டுவிடுங்கள். மிச்சமிருக்கும் சீரத்தைப் பெயரும் தேதியும் எழுதி உறைநிலையில் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை அதே நோயாளி வரும்போது பழையதையும் புதியதையும் ஒரே ஓட்டத்தில் வைத்துப் பார்க்கலாம்.